ஒரு படத்துக்கு எத்தனை யூனிட்?

கேள்வி: 4 அக்டோபர் 2025

சிறுவர்களுக்காக 32 பக்கப் படக்கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். படங்களை நானே வரைவதா, ஏஐயிடம் கேட்டு வாங்குவதா என்று இரண்டு மாதமாக மனம் ஊசலாடுகிறது. எனக்கு ஓரளவு வரைய வரும், ஆனால் மெதுவாகத்தான். ஏஐ ஒவ்வொரு படத்துக்கும் ஏகப்பட்ட மின்சாரம் குடிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். மனிதர் ஒருவர் கணினி முன் பத்து மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால் அதற்கு ஆகும் மின்சாரம்தான் அதிகம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? மின்சாரக் கணக்கை வைத்தே இதை முடிவு செய்துவிடலாமா?

4 அக்டோபர், இரவு

பதினைந்து வருடமாக முப்பரிமாண அனிமேஷன் செய்துவருகிறேன். வீட்டிலிருந்து, தனியாக. மின்சாரம் எனக்கு அன்றாடக் கவலை, அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2023-இல் சாஷா லுச்சியோனி, யாசின் ஜெர்னைட், எம்மா ஸ்ட்ரூபெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 88 ஏஐ மாடல்களை ஓட்டி மின்செலவை அளந்தார்கள். படம் உருவாக்கும் மாடல்களுக்குச் சராசரியாக ஆயிரம் படத்துக்கு 2.9 யூனிட் ஆனது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி, ஆக ஒரு படத்துக்கு 2.9 வாட்-மணி. பத்து வாட் எல்இடி விளக்கைப் பதினேழு நிமிடம் எரியவிடும் அளவு.

நான் வரையும்போது கணினி, திரை, வரைபலகை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 120 வாட். முழுப்பக்கப் படம் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் என்றால் 1.2 யூனிட். அதாவது ஏஐ படத்தைப்போல நானூறு மடங்கு. மின்சாரத்தை மட்டும் பார்த்தால் ஏஐதான் சிக்கனம். முடிவை வேறு காரணங்களை வைத்து எடுங்கள்.

5 அக்டோபர், காலை

நேற்று எழுதியது தவறான ஒப்பீடு. ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது.

ஏஐயிடம் ஒரே ஒரு படம் கேட்டு அதையே எடுத்துக்கொண்டவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? காலையில் என் கடைசி வேலையின் ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். நாற்பது நொடிக் காட்சி ஒன்றின் பின்னணிக்கு என்ன மனநிலை, என்ன நிறம் என்று தேடுவதற்காக மட்டும் உருவாக்கியவை 1,140 படங்கள். அவற்றில் எனக்குப் பயன்பட்டவை ஆறு. 1,140 படத்துக்கு 3.3 யூனிட். பயன்பட்ட ஒவ்வொன்றுக்கும் பங்கிட்டால் 0.55 யூனிட்.

ஆக நானூறு மடங்கு என்று சொன்ன இடைவெளி இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது. இப்போதும் ஏஐ பக்கம்தான் குறைவு. ஆனால் நேற்று சொன்ன உறுதியோடு இன்று சொல்ல முடியாது. நீங்கள் காகிதத்தில் பென்சிலால் வரைகிறவர் என்றால் கணக்கே வேறு. மேசை விளக்குக்கும் கடைசியில் ஸ்கேன் செய்வதற்கும் ஆகும் மின்சாரம்தான் உங்கள் செலவு.

5 அக்டோபர், மதியம்

ஏஐ மாடலை முதலில் பயிற்றுவிக்க ஆகும் மின்சாரத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கீழே கருத்தில் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஜிபிடி-3 மாடலைப் பயிற்றுவிக்க ஏறக்குறைய 12.87 லட்சம் யூனிட் ஆகியிருக்கும் என்று 2021-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அது எழுத்து மாடல், படத்துக்கானது அல்ல. அந்தச் செலவு ஒருமுறைதான், பயன்படுத்துகிறவர்கள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் குறையும். ஆனால் ஒரு மாடல் வந்து சில மாதத்திலேயே அடுத்தது வந்துவிடுகிறது. பயிற்சி மறுபடியும் முதலிலிருந்து.

7 அக்டோபர்

எல்லோரும் வாங்கிவைக்க வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது. சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டர். அதை வாங்கும்வரை என் மின்சாரக் கணக்குகள் எல்லாமே ஊகம்தான்.

என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு. 350 வாட் என்று போட்டிருக்கிறது, பல வருடம் அதை வைத்தே கணக்குப் போட்டேன். மீட்டரைச் செருகிப் பார்த்தால் ரெண்டர் (முப்பரிமாணக் காட்சியைக் கணினி படமாக மாற்றும் வேலை) ஓடும்போது சுவரிலிருந்து போவது 520 வாட். பிராசசர், விசிறிகள், மதர்போர்டு, பவர் சப்ளையில் வெப்பமாகப் போவது என எதையுமே நான் சேர்த்திருக்கவில்லை. என் கணினியிலேயே ஒரு ஏஐ படம் செய்ய எட்டு நொடி ஆகிறது. கார்டு கணக்கில் 0.78 வாட்-மணி, சுவர்க் கணக்கில் 1.16. முதல் நாள் சொன்ன 2.9-ஐவிடக் குறைவுதான், என்னுடையது சிறிய மாடல் என்பதால்.

மீட்டர் காட்டிய இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே கணினி 70 வாட் எடுக்கிறது. இரவு ஏழு மணிக்கு எழுந்து போனால் மறுநாள் ஒன்பதுக்குத்தான் திரும்பி வருவேன். பதினான்கு மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு யூனிட். லுச்சியோனி குழுவின் சராசரிப்படி அந்த மின்சாரத்தில் 330 ஏஐ படங்களுக்கு மேல் செய்யலாம். ரெண்டர் ஓடாத ராத்திரிகளிலெல்லாம், பல வருடமாக, யாருக்கும் பயன்படாமல் போயிருக்கிறது. அன்றிலிருந்து அணைத்துவிட்டுத்தான் எழுகிறேன்.

10 அக்டோபர்

“தொழில்நுட்பம் வளர வளர மின்சாரம் குறைந்துகொண்டேதானே போகும், ஏன் கவலை?” என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இது என் தொழிலின் மையத்திலேயே இருக்கும் கேள்வி.

ரெண்டர் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி சில ஒளிக்கதிர்களைக் காட்சிக்குள் அனுப்புகிறது. அவை எங்கே பட்டு எங்கே தெறிக்கின்றன என்று பார்த்து அந்தப் புள்ளியின் நிறத்தைக் கணிக்கிறது. ஒரு புள்ளிக்கு எத்தனை கதிர் என்பதைத்தான் சாம்பிள் என்கிறோம். கதிர் குறைந்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் பொரிபொரியாக இருக்கும். அந்தப் பொரியைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. நேரமும் மின்சாரமும் அதே விகிதத்தில் ஏறும். அதனால்தான் ரெண்டர் செய்கிறவர்கள் பொரியோடு ஓயாமல் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பொரியைத் துடைக்கும் டீநாய்சர் என்ற மென்பொருள் வந்தது. 2017-இல் என்விடியாவின் ஆப்டிக்ஸ், 2019-இல் இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ். பின்னது அந்த வருடக் கடைசியிலேயே பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளின் 2.81 பதிப்பில் சேர்ந்துவிட்டது. பொரியுள்ள படங்களையும் பொரியற்ற படங்களையும் பார்த்துப் பார்த்துக் கற்ற ஏஐதான் இதுவும். குறைந்த கதிரில் செய்த படத்தைக் கொடுத்தால் துடைத்துத் தருகிறது. என் ஃபிரேம் ஒன்றுக்கு, அதாவது அசையும் காட்சியின் ஒரு தனிப்படத்துக்கு, 22 நிமிடம் ஆனது 4 நிமிடமாகக் குறைந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மின்சாரமும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று நம்பினேன்.

ஆகவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மாத யூனிட் பழைய இடத்திலேயே நிற்கிறது. காரணம் நான்தான். 22 நிமிட காலத்தில் ஒரு காட்சிக்கு விளக்கு வைப்பதை மூன்று சோதனைப் படத்தில் முடிவு செய்வேன். ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும், அதனால் பொத்தானை அழுத்தும் முன் நன்றாக யோசிப்பேன். 4 நிமிடமானதும் முழுக் காட்சியையும் காலை ஒளியில் ஒன்று, மாலை ஒளியில் ஒன்று, மழை இருட்டில் ஒன்று என்று ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இது என் ஒருவரின் பழக்கம் இல்லை. கணினி வரைகலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜிம் பிளின் இதை முன்பே கவனித்துச் சொன்னார். கணினி எவ்வளவு வேகமானாலும் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாது. பிளின் விதி என்றே அதற்குப் பெயர். 1995-இல் வந்த முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படமான டாய் ஸ்டோரியில் ஃபிரேமுக்கு முக்கால் மணி முதல் முப்பது மணி நேரம் வரை ஆனது. இன்றைய கணினிகள் அன்றையவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம். ஆனாலும் பெரிய படங்களில் ஒரு ஃபிரேமுக்கு இன்னும் மணிக்கணக்கில்தான் ஆகிறது. கிடைத்த வேகத்தையெல்லாம் தலைமுடியையும் துணியையும் தண்ணீரையும் நிஜம்போலக் காட்டுவதே வாங்கிக்கொண்டது.

11 அக்டோபர்

இதற்கு ஜெவோன்ஸ் முரண் என்று பெயர் உண்டே என்று ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். உண்டு. 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் நிலக்கரியைப் பற்றி இதைத்தான் எழுதினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் பழையதைவிடக் குறைவான கரியில் அதே வேலையைச் செய்தது. அதனாலேயே எஞ்சின்கள் எங்கும் பரவின, மொத்தக் கரிச்செலவு ஏறியது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. வீட்டில் 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டேன். அதற்காக ஏழு மடங்கு விளக்கா எரிக்கிறேன்? அறைக்குப் போதுமான வெளிச்சம் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சமானது உண்மையாகவே மிச்சம்.

வித்தியாசம் எங்கே என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அறை வெளிச்சத்துக்கு ஒரு “போதும்” இருக்கிறது, கண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. படம், இசை, காணொளி இவற்றுக்கு அப்படிச் சொல்லும் உறுப்பு எதுவும் இல்லை. இன்னொரு வடிவம், இன்னொரு நிறம் என்று கேட்டுக்கொண்டே போகலாம். வாடிக்கையாளரும் கேட்பார், நமக்கும் கை நிற்காது. படைப்பு வேலையில் “போதும்” என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் நேரமும் செலவும் நமக்காக அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

15 அக்டோபர்

“உலக மின்சாரத்தில் பாதியை ஏஐ தின்கிறது” என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகின் எல்லாத் தரவு மையங்களும் சேர்ந்து ஏறக்குறைய 41,500 கோடி யூனிட். உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். ஏஐ அதில் ஒரு பகுதிதான். 2030-இல் இது 94,500 கோடி யூனிட் அளவுக்கு ஏறும் என்றும் அதே முகமை கணித்திருக்கிறது. ஆறு வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒன்றரை சதவீதம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. அது உலகம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. அயர்லாந்தில் 2023-இல் அளக்கப்பட்ட மின்சாரத்தில் 21 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. அந்நாட்டு நகர வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அது அதிகம். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979-இல் விபத்து நடந்தது இரண்டாம் உலையில். முதலாம் உலை அதன்பிறகும் ஓடி, 2019-இல் லாபமில்லை என்று மூடப்பட்டது. 835 மெகாவாட் கொண்ட அந்த முதலாம் உலையை மறுபடி திறந்து இருபது வருடம் மின்சாரம் வாங்கிக்கொள்ள 2024 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் ஒப்பந்தம் போட்டது. மூடிய அணு உலையைத் திறக்கவைக்கும் அளவுக்குத் தேவை இருக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2016-இல் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் தன் மாடலை வைத்து கூகுள் தரவு மையங்களின் குளிரூட்டும் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்துக் காட்டியது. அதே தொழில்நுட்பத்தின் இன்னொரு முகம் அது.

19 அக்டோபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் தயங்கினேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும்.

ஏஐ காணொளிதான் பெரிய மின்சாரத் தின்னி என்று நானும் பலரிடம் சொல்லிவந்திருக்கிறேன். எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இந்த வருடம் மே மாதம் வெளியிட்ட கணக்கில், திறந்த மாடல் ஒன்றில் ஐந்து நொடிக் காணொளிக்கு 34 லட்சம் ஜூல் ஆனது. யூனிட்டில் சொன்னால் 0.94.

என் ஐந்து நொடி எவ்வளவு? நொடிக்கு 24 ஃபிரேம், ஆக 120 ஃபிரேம். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். 520 வாட்டில் 4.16 யூனிட்.

நான் குறைசொல்லிவந்த ஏஐயைவிட நான்கு மடங்குக்கு மேல் நான் எடுக்கிறேன். ஏஐயில் ஐந்து முயற்சியாவது தேவைப்படும், அப்போது இரண்டும் சமமாகும் என்று சொல்லலாம். ஆனால் நானும் ஒரே தடவையில் முடிப்பதில்லையே. ஆகவே மின்சாரத்தைக் காட்டி ஏஐயைத் திட்டும் உரிமை என் போன்றவர்களுக்கு இல்லை. அதைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் கோபத்தின் காரணம் வேறு. அதை நேர்மையாக அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

26 அக்டோபர்

நான்கு யூனிட் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேரும். என் மாடியில் ஒரு கிலோவாட் சூரியப் பேனல் இருக்கிறது. இரண்டு வருடமாக ரெண்டரை வெயில் நேரத்தில் மட்டும் ஓட்டுகிறேன். பதினொன்று முதல் மூன்று வரை, நான்கு மணி நேரம். அதற்கு முன் ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தேன், கணினி வைத்திருக்கும் எல்லோரையும்போல.

ஏன் மாற்றினேன் என்றால், சூரிய மின்சாரம் அதிகமுள்ள மின்கட்டமைப்புகளில் மதியம் உபரியாகவும் மாலை இறுக்கமாகவும் ஆகிறது. கலிஃபோர்னியா மின்கட்டமைப்பை நடத்துகிறவர்கள் 2013-இல் இதை ஒரு வரைபடமாகப் போட்டார்கள். வாத்து உருவம்போல இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மதியம் வயிறு தொங்கும், மாலையில் கழுத்து செங்குத்தாக ஏறும். கழுத்துப் பகுதியில் பெரும்பாலும் எரிவாயுவையோ நிலக்கரியையோதான் எரிக்க வேண்டியிருக்கிறது. அவசரமில்லாத கணக்கு வேலைகளைக் காற்றும் வெயிலும் மிகுந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பதாக கூகுள் 2020-இல் அறிவித்தது. அவர்களால் முடிந்தால் ஒற்றைக் கணினி வைத்திருக்கும் என்னாலும் முடியும்.

நான்கு மணி நேரத்தில் அறுபது ஃபிரேம். அதாவது ஒரு நாள் வெயிலுக்கு இரண்டரை நொடிப் படம். அந்த எண் தெரிந்தபிறகு வேலையின் வரிசையே மாறிவிட்டது. காலையில் வரைகிறேன், முடிவெடுக்கிறேன். பதினொரு மணிக்கு எது ஓடப்போகிறது என்பது அதற்குள் உறுதியாகிவிட வேண்டும். மதியம் கணினியைத் தொட முடியாது, அதனால் காகிதத்தில் அடுத்த காட்சி. மாலையில் வந்ததைப் பார்க்கிறேன். காலை ஒளி, மாலை ஒளி, மழை இருட்டு என்று மூன்று வடிவம் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் தானாக நின்றுபோனது. டீநாய்சர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட யோசனை நேரத்தை வெயில் திருப்பித் தந்திருக்கிறது.

போன வருடம் ஒரு காட்சி. படகில் தொங்கும் ராந்தல் ஆடுகிறது, பத்து நொடி. 240 ஃபிரேம், நான்கு நாள் வெயில். வானம் மூடிக்கொண்டது, முடிக்க வேண்டிய தேதியும் நெருங்கிவிட்டது. மின்கட்டமைப்பிலிருந்து எடுத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் கையால் வரைந்த அனிமேஷனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் வழக்கம் உண்டு, நொடிக்கு 12 படம். அதை முப்பரிமாணத்தில் செய்துபார்த்தேன். ராந்தலின் ஆட்டம் அழகாகப் பொருந்தியது, பழைய படகின் கட்டைத்தனம் அதில் வந்துவிட்டது. ஆனால் நடுவில் இரண்டு நொடி கேமரா பக்கவாட்டில் நகர்கிறது, அங்கே தூக்கித் தூக்கிப் போட்டது, கண் வலித்தது. அந்த இரண்டு நொடியை மட்டும் முழுதாக 48 ஃபிரேம் ஓட்டினேன். மீதி எட்டு நொடிக்கு 96. மொத்தம் 144 ஃபிரேம், இரண்டரை நாள் வெயிலில் அடங்கியது.

27 அக்டோபர்

மின்சாரம் படைப்பின் வடிவத்தையே மாற்றியதற்கு வேறு உதாரணம் உண்டா என்று கேட்டார்கள். லோ-டெக் மேகசின் என்ற இதழின் இணையதளத்தைப் பாருங்கள். 2018-இலிருந்து பார்சிலோனாவில் ஒரு சிறிய சூரியப் பேனலிலும் பேட்டரியிலும் ஓடுகிறது. மேகமூட்டம் நீடித்தால் தளமே அணைந்துவிடும். பக்கம் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படங்களைச் சில சாயல்கள் மட்டும் கொண்ட புள்ளிப் படங்களாக்கினார்கள். இப்போது அந்தப் புள்ளித் தோற்றத்தைப் பார்த்ததும் அந்த இதழ்தான் நினைவுக்கு வருகிறது.

2 நவம்பர்

திருத்தம். பேட்டரி இருந்தால் வெயில் நேரம் முக்கியமில்லையே என்ற கேள்விக்கு, ஆமாம் என்று தனியாகப் பதில் எழுதியிருந்தேன். அளந்து பார்த்தேன். என் பேட்டரிக்குள் போட்டுத் திரும்ப எடுக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது, இன்வெர்ட்டரையும் சேர்த்து. நேராக வெயிலில் ஓட்டுவதுதான் நல்லது. விளக்கு, விசிறி, மாலை நேரத் திரை இவற்றுக்குப் பேட்டரி போதும்.

9 நவம்பர்

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்று தள்ளிவைத்த அந்தக் கோபம்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரைந்து அடுக்கும்) வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கேட்டிருந்தேன். “பத்து நிமிடத்தில் ஏஐ தருகிறதே” என்றார். கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை.

என் வேலை போனதைவிட இன்னொன்று உறுத்துகிறது. நான் தொழில் கற்றது இன்-பிட்வீன் போட்டுத்தான். மூத்தவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்து கொடுப்பார், நடுவில் வரும் ஏழு எட்டுப் படத்தை நாம் நிரப்ப வேண்டும். கை வலிக்கும், சலிக்கும். ஆனால் கை நடுவழியில் எந்த வளைவில் போகிறது, எடை எங்கே இறங்குகிறது, எங்கே வேகம் குறைய வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சலிப்பில்தான் கண்ணுக்குள் இறங்கியது. இப்போது அந்த வேலையை மென்பொருள் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. புதிதாக வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து கண்ணைப் பழக்குவார்கள்? 1,140 படத்தில் ஆறை எடுத்தேன் என்று மேலே எழுதினேனே, அந்த ஆறை அடையாளம் காட்டிய கண் ஐயாயிரம் இன்-பிட்வீன் போட்ட கண். அடுத்த தலைமுறைக்கு அதை யார் தருவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் நானே ஒன்று செய்கிறேன். வாரம் ஒருநாள் இரண்டு மாணவர்களை மேசைக்கு அழைத்து, காகிதத்தில், விளக்குப் பெட்டி வைத்து இன்-பிட்வீன் போடவைக்கிறேன்.

சட்டமும் ஒப்பந்தமும் உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் வந்த ஒப்பந்தப்படி, ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிட முடியாது, ஏஐ எழுதியதை நிறுவனம் கொடுத்தால் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஏஐயைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. சேர்ந்து நின்றதால் கிடைத்தது அது. என்னைப்போலத் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை.

கேள்வி கேட்டவர் கவனிக்க: 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. கதையும் பக்கங்களை அடுக்கிய விதமும் ஆசிரியருக்குச் சொந்தம், ஏஐ உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த நாட்டுச் சட்டம்தான், ஆனாலும் உங்கள் 32 பக்கத்துக்கு மின்சாரத்தைவிட இது முக்கியம்.

10 நவம்பர்

“கேமரா வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், ஓவியம் அழிந்தா போயிற்று?”

ஓவியம் அழியவில்லை. ஆனால் 1839-க்குப் பிறகு கையடக்கச் சிற்றோவியத்தில் முகம் வரைந்து பிழைத்தவர்களின் தொழில் சில பத்தாண்டுகளில் கரைந்துபோனது. 1927-க்குப் பிறகு பேசும்படம் பரவியதும், மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் வேலை இழந்தார்கள். சினிமா இசை வளர்ந்தது, அதுவும் உண்மை. கலை பிழைத்தது என்று சொல்லும்போது அந்த மனிதர்களும் பிழைத்துக்கொண்டார்கள் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அவை இரண்டு தனித்தனிச் செய்திகள்.

23 நவம்பர்

கேள்வி கேட்டவர் 32 பக்கத்துக்கும் பென்சில் கோட்டுப்படம் போட்டுப் பகிர்ந்திருக்கிறார். ஏழு வாரத்தில். மெதுவாகத்தான் வரும் என்றாரே, இது மெதுவே இல்லை. நிறத்துக்கு மட்டும் ஏஐயில் சில சோதனை செய்துபார்க்கலாமா என்று கேட்கிறார். தாராளமாகச் செய்யுங்கள். எத்தனை கேட்டீர்கள், எத்தனையை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே போங்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் நான் கேட்பது தானாகக் குறைந்தது.

மற்றபடி, ஒன்பதாம் பக்கத்தில் சிறுமி வலப்பக்கம் நோக்கி ஓடுகிறாள், புரட்டினால் பத்தாம் பக்கத்தில் இடப்பக்கம் நோக்கி ஓடுகிறாள். வீட்டுக்குத் திரும்பி வருவதாகப் படிக்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். பத்தைத் திருப்பிப் போடுங்கள். பதினேழில் நாய் மிக நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இருபத்திரண்டில் மரத்தின் நிழல் ஒரு பக்கம், சிறுமியின் நிழல் மறுபக்கம் விழுகிறது. சூரியன் எங்கே இருக்கிறது என்று முதலில் முடிவு செய்துகொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி வரையுங்கள்.